சிடி தானாக வெளியே வந்த மதியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. என் வேலையே நம்பாமல் இருப்பதுதான். ஹைதராபாத்தில் குஷாய்குடா பக்கம் ஒரு பெரிய அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். சர்க்யூட் போர்டுகளை லென்ஸுக்கு அடியில் வைத்து, ஈயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா, எங்காவது மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. செய்தவர் பக்கத்தில் நின்று 'நல்லாத்தான் மேடம் இருக்கு' என்று சத்தியம் செய்தாலும் என் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை எங்கள் பிரிவில் ஒரு மெஷின் அடிக்கடி நின்றுபோகிறது என்று யாரோ எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள். அதைக் கழற்றிப்போட்டுவிட்டு, உள்ளே ஒரு கனெக்டர் லூசாக இருப்பதைக் காட்டியவள் நான்தான். அதனால் இதை நான் சொல்லும்போது நீங்கள் சிரிப்பதாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

போன வருடம், மழை விட்டு வெயில் திரும்ப ஆரம்பித்திருந்த சமயம். என் வீட்டுக்காரர் சேகருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திடீரென்று தலை சுற்றியது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சரியாகிவிடும் என்று மோர் கொடுத்துப் படுக்கவைத்தேன், ஆனால் மத்தியானம் 'விஜயா, நீ ரெண்டா தெரியறே' என்றார். அவர் அதைத் தமாஷாகச் சொல்லப் பார்த்தார், நான் அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் தம்பி கோபியை வரச்சொல்லி, நாங்கள் இருக்கும் அல்வாலிலிருந்து செகந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து பார்த்தார். எம்ஆர்ஐ எடுத்துவிடலாம், மாலை நாலு மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது என்றார். முன்னால் கண்ணில் ஏதாவது பிரச்சினை இருந்ததா என்று கேட்டார். பல வருடத்துக்கு முன்னால் கண்ணில் தூசி விழுந்து சின்னதாக ஒரு ஆபரேஷன் நடந்தது என்று நான்தான் சொன்னேன். பழைய ரிப்போர்ட் இருந்தால் கொண்டுவாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்றார். அப்புறம் நர்ஸ் ஒரு படிவம் கொடுத்தாள். உடம்புக்குள் உலோகம் எதுவும் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள், எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று டிக் போட்டு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் தலைசுற்றலுக்குப் போட்ட ஊசியில் அரைத் தூக்கத்தில் கிடந்தார், அவரை எழுப்பிக் கேட்கவில்லை.

அந்தக் கண் ஆபரேஷன் நடந்தபோது நான் ஊரில் இல்லை. என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து வேலூரில் ஒரு மாதம் அவரோடு இருந்தேன். இவர் போனில், 'கண்ணுல தூசி விழுந்துச்சு, எடுத்துட்டாங்க, நீ பயப்படாதே' என்றார். நான் திரும்பி வந்தபோது கட்டுக்கூடப் பிரித்தாகிவிட்டது. இவர் வேலை பார்த்தது ஒரு தனியார் பட்டறையில், லேத் மெஷினில். அங்கே கண்ணில் விழுகிற தூசி என்ன தூசியாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? ஊரார் சொல்வதையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்க்கிற நான், இவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். ஆபரேஷன் செய்த அந்த நர்சிங் ஹோமையும் அப்புறம் மூடிவிட்டார்கள்.

கோபியை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். மணி பன்னிரண்டரை இருக்கும். பீரோவில் அவருடைய மருத்துவக் கோப்பை எடுத்துப் பார்த்தால், கண் விஷயமாகக் காகிதம் ஒன்றுகூட இல்லை, ஒரு வெள்ளைக் கவரில் ஒரே ஒரு சிடி. மேலே நீல மார்க்கரில் அவர் பெயரும் ஸ்கேன் என்றும் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். ஸ்கேன் பிரிவில் ஒரு பெண், 'இப்ப எங்க சிஸ்டம்ல சிடி டிரைவே இல்ல மேடம், பென் டிரைவ்ல போட்டுக் கொண்டாங்க' என்றாள்.

நல்லவேளை, எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. என் பெண் காலேஜ் படிக்கும்போது வாங்கினது, அவள் இப்போது புனேயில் வேலையில் இருக்கிறாள், நான் எப்போதாவது கரண்டு பில் கட்ட அதைப் போடுவேன். ஆன் செய்தேன், சிடியை எழுத்து மேலே தெரிகிற மாதிரி தட்டில் வைத்து உள்ளே தள்ளினேன். இது முக்கியம், அப்புறம் கேட்பீர்கள். எழுத்து மேலே இருந்தது. ஏனென்றால் டிரைவ் அதைப் படித்தது, திரையில் சிடியின் பெயர் வந்தது, உள்ளே மூன்று ஃபோல்டர் இருப்பதையும் பார்த்தேன். குப்புறப் போட்டிருந்தால் எந்த டிரைவும் படிக்காது.

முதல் ஃபோல்டரைத் திறக்கப் போனேன், அவ்வளவுதான். உள்ளே 'டக்' என்று ஏதோ ஒடிந்த சத்தம், அப்புறம் கரகரவென்று அரைக்கிற சத்தம், திரை அப்படியே உறைந்துவிட்டது.

பொத்தானை அழுத்தினேன், வரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், இந்தத் தடவை டிரைவ் இருப்பதையே அது கண்டுகொள்ளவில்லை. டிரைவின் முகப்பில் குண்டூசி போகிற மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். கரண்டு இல்லாவிட்டாலும் கம்பியை அதற்குள் விட்டு அழுத்தினால் தட்டு வெளியே வருவதற்காகத்தான் அது. ஒரு ஜெம் கிளிப்பை நீட்டி உள்ளே விட்டேன். சுவரில் முட்டியது போல நின்றது. அழுத்திப் பார்த்தேன், கிளிப்தான் வளைந்தது.

எங்கள் பிரிவில் சலீம் என்று ஒருவர், பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர். அவருக்குப் போன் போட்டேன்.

"டிரைவை வெளிய எடுத்துடுங்க மேடம். வயரைக் கழட்டுங்க, நாலு ஸ்க்ரூதான். டேபிள்ள வச்சு மறுபடி பின் போட்டுப் பாருங்க," என்றார். அவருடைய தமிழ் எங்களோடு பேசிப் பேசி வந்த தமிழ், அவசரம் வந்தால் தக்கனி உருதுவுக்குத் தாவிவிடும். "மகர் ஜோர் நக்கோ லகாவ், டிஸ்க் டூட் ஜாதா. முரட்டுத்தனம் கூடாது மேடம், உள்ள சிடி ரெண்டாப் போயிடும்."

வயர்களைக் கழற்றினேன், ஸ்க்ரூக்களைக் கழற்றினேன், டிரைவை உருவி எடுத்துச் சாப்பாட்டு மேசையில் ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்தேன். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு வயர்கூடத் தொடர்பில்லை, கம்ப்யூட்டர் அந்த அறையில்கூட இல்லை. மறுபடி கிளிப் விட்டேன். ஹேர்பின் விட்டேன். முகப்பின் இடுக்கில் வெண்ணெய்க் கத்தியை விட்டு மெதுவாக நெம்பினேன். அரை மில்லிமீட்டர் வந்து அங்கேயே பிடித்துக்கொண்டது. குலுக்கினால் உள்ளே சிடி லொடலொடவென்று ஆடியது. அது அங்கே இருக்கிறது, கைக்கு வரமாட்டேன் என்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு சிடிக்கா அழுவார்கள்? இரண்டு நாள் அடக்கிவைத்திருந்தது அதற்காக வந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டே முக்காலுக்குக் கோபி போன் செய்தான்.

"அண்ணி, எங்க இருக்கீங்க? முன்னாடி பேஷண்ட் ஒருத்தர் வரலையாம், அண்ணனை மூணு மணிக்கே உள்ள கூப்பிடுறாங்க."

"சிடி டிரைவ்ல மாட்டிக்கிச்சு கோபி. வரவே மாட்டேங்குது."

"அரே, அதுக்கு ஏன் டென்ஷன் ஆவறீங்க? சிடி அப்புறம் குடுத்தா போதும்னு சொல்லிட்டாங்க. வெறும் ஒப்பிட்டுப் பார்க்கத்தானாம். நீங்க கிளம்பி வாங்க அண்ணி, அண்ணன் ஊசி மயக்கத்துலயும் உங்களைத்தான் தேடறாரு."

அவன் சொன்னது சரிதான். சிடியை எடுத்து என்ன ஆகப்போகிறது? நான் கையைக் கழுவினேன், பையை எடுத்துத் தோளில் மாட்டினேன், அவருக்கு மாற்று லுங்கி ஒன்றை உள்ளே திணித்தேன். டிரைவை அப்படியே மேசையில் விட்டுவிட்டேன். வாசல் கதவைத் திறந்து செருப்பில் காலை விடும்போது அந்தச் சத்தம் கேட்டது.

ஸ்ப்ரிங் விடுபட்டால் 'டப்' என்று ஒரே சத்தமாக வரும். இது அப்படி இல்லை. மோட்டார் சுற்றித் தட்டை வெளியே தள்ளும்போது வருமே, 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று, கடைசியில் சின்னதாக ஒரு 'டொக்', அந்தச் சத்தம். எத்தனையோ வருடம் என் பெண் பாட்டு சிடி போடும்போதெல்லாம் கேட்ட சத்தம்.

திரும்பினேன். முதலில் நான் பார்த்தது டிரைவை அல்ல, கூரையை. கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்ச வட்டம், ஓரமெல்லாம் வானவில் நிறம். அது மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. பால்கனி வெயில் மேசையில் விழுந்து அங்கிருந்து மேலே போகிறது என்று புரிய ஒரு நொடி ஆனது. பிறகு மேசையைப் பார்த்தேன். தட்டு முழுசாக வெளியே வந்திருந்தது. அதன்மேல் சிடி கடைசிச் சுற்றுச் சுற்றி நின்றது. கூரையில் வெளிச்சமும் நின்றது.

சிடி குப்புறக் கிடந்தது. எழுத்துப் பக்கம் கீழே, பளபளக்கிற பக்கம் மேலே.

ஒரு டிரைவுக்குள் எவ்வளவு இடம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சிடி படுத்த வாக்கில் போகும், படுத்த வாக்கில் வரும். உள்ளேயே புரண்டு படுக்க அங்கே இடமே கிடையாது. இதெல்லாம் அப்போது தோன்றவில்லை. ஒற்றைக் காலில் செருப்போடு மேசை வரை போனேன். வீட்டுக்குள் நான் செருப்போடு நடந்ததே இல்லை. சிடியை இரண்டு விரலால் எடுத்து, திருப்பி, நீல எழுத்தைப் பார்த்து, கவரில் போட்டுக்கொண்டு ஓடினேன். தட்டு திறந்தது திறந்தபடி கிடந்தது. கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.

எங்கள் தெரு முனையில் ஸ்வரூபா என்று ஒரு தெலுங்குப் பெண் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, ஆதார் பிரிண்ட் எல்லாம் அவளிடம்தான். ஆட்டோ அங்கேதான் கிடைக்கும். கிடைக்கும்வரை சும்மா நிற்பானேன், அவளிடம் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, பென் டிரைவில் போட்டுத் தருவாள் என்று உள்ளே நுழைந்தேன். அவள் சிடியைப் போட்டாள். ஒரு தடங்கலும் இல்லாமல் உடனே திறந்தது.

"ஒச்சிந்தி ஆண்ட்டி," வந்துவிட்டது என்று திரையை என் பக்கம் திருப்பினாள். முதல் ஃபோல்டரில் ஸ்கேன் படங்கள் இல்லை, டிஸ்சார்ஜ் காகிதத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். கோப்பில் இல்லாத அந்தக் காகிதம். படிக்கவேண்டும் என்றுகூட எனக்கு எண்ணமில்லை, கண் அதுவாகப் போய் விழுந்தது. இரும்புத் துகள் இரண்டு, ஒன்று எடுக்கப்பட்டது, மற்றொன்று கண்ணுக்குப் பின்னால் ஆழத்தில் இருப்பதால், எடுக்க முயன்றால் பார்வை போகும் என்று நோயாளியிடம் விளக்கி, அப்படியே விடப்பட்டது. கீழே அவர் கையெழுத்து.

தூசி என்று சொன்னாரே, அது இரும்பு. எடுத்துவிட்டார்கள் என்று சொன்னாரே, ஒன்றை எடுக்கவில்லை. எம்ஆர்ஐ என்பது எவ்வளவு பெரிய காந்தம் என்று எனக்குத் தெரியும், அந்த அறைக்குள் ஒரு ஸ்பேனர்கூட நிற்காமல் பறக்கும் என்று எங்கள் பிரிவில் பேசியிருக்கிறோம். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற இரும்பு என்ன ஆகும்? உலோகம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

ஸ்வரூபாவின் கம்ப்யூட்டரில் மணி இரண்டு ஐம்பத்தாறு.

கோபிக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. ஸ்கேன் அறைப் பக்கம் போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொல்லியிருப்பார்கள். ஆஸ்பத்திரி எண்ணைத் தேடினேன், திரையில் எண்களே தெரியவில்லை. "ஏமய்ந்தி ஆண்ட்டி?", என்ன ஆச்சு என்று ஸ்வரூபா என் தோளைப் பிடித்தாள். நான் எந்த மொழியில் சொன்னேனோ தெரியாது, அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பெயரைக் கேட்டாள், அவளே நம்பரைத் தேடிப் போட்டாள். வரவேற்பில் யாரோ எடுத்து 'லைனில் இருங்கள்' என்று ஆரம்பித்ததும் ஸ்வரூபா போட்ட கத்தலில் கடைக்கு வெளியே நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"லைன்லோ உண்டடம் காதண்டி! எம்ஆர்ஐ ஆப்பண்டி, வெண்ட்டனே ஆப்பண்டி! சேகர் அனி பேஷண்ட், கண்ட்லோ இனுமு உந்தி! இனுமு!"

நிறுத்துங்கள், உடனே நிறுத்துங்கள், கண்ணுக்குள் இரும்பு இருக்கிறது என்று. அதற்குப் பிறகு போனில் யாரோ ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நானும் ஸ்வரூபாவும் அந்தப் போனை நடுவில் வைத்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவர் வந்து ஆதார் ஜெராக்ஸ் கேட்டார், அவள் கையாலேயே பேசாதே என்றாள்.

அப்புறம் என் போன் அடித்தது. கோபி.

"அண்ணி," என்றான். "கதவு வரைக்கும் போயிட்டாரு அண்ணி. ட்ராலி பாதி கதவுல இருந்துச்சு. ரிசப்ஷன் பொண்ணு ஓடி வந்து அப்படியே இழுத்துட்டா. வெளிய இருக்காரு. என் பக்கத்துலதான் இருக்காரு."

நான் ஸ்வரூபா கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் வாயிலேயே வைத்தாள். அந்தத் தண்ணீர் போல ஒரு தண்ணீர் நான் அதுவரை குடித்ததில்லை, இனிமேலும் குடிக்கப் போவதில்லை.

அன்று சாயங்காலமே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இடது கண்ணுக்குப் பின்னால், கடுகில் பாதிகூட இருக்காது, வெள்ளையாக ஒரு புள்ளி. டாக்டரம்மா அதைக் காட்டிவிட்டு, என் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் கையை மட்டும் இரண்டு தரம் தட்டிக்கொடுத்தார். வேறு முறையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை, உள்காதில் கோளாறு, ஒரு நரம்பும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மருந்திலேயே போய்விடும் என்றார்கள். போய்விட்டது. சனிக்கிழமை வீட்டுக்கு நடந்தே படியேறி வந்தார்.

வந்ததும் கேட்டேன், ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று. "உங்கம்மா அந்த நிலைமையில இருந்தாங்க. நீ அங்கயும் இங்கயும் அல்லாடுவே. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன், அப்புறம் மறந்தே போச்சு," என்றார். கண்ணில் இரும்பை வைத்துக்கொண்டு மறந்துபோச்சாம். திட்டினேன், அழுதேன், ரசம் வைத்துக் கொடுத்தேன். இப்போது மூன்று மொழியில் எழுதி அவர் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன்.

டிரைவ் விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை காலையில் குளிக்க வீட்டுக்கு வந்தபோது மேசையில் அது இருந்தது, செய்தித்தாளும் இருந்தது. தட்டு உள்ளே போய் மூடியிருந்தது. சாவி என்னிடம் ஒன்று, புனேயில் பெண்ணிடம் ஒன்று. நான்தான் அவசரத்தில் தள்ளியிருப்பேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் அதைத் தொடாமல் வைத்திருந்து, அப்புறம் வேலைக்குப் போகும்போது பையில் போட்டுச் சலீமிடம் கொண்டுபோனேன். நடந்ததைச் சொல்லவில்லை, ஏன் மாட்டியது என்று மட்டும் பார்க்கச் சொன்னேன்.

மதிய இடைவேளையில் அவர் அடிமூடியைக் கழற்றினார். தட்டை இழுக்கிற ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்தது. "இந்த மோட்டாரு எவ்ளோ சுத்தினாலும் தட்டு நகராது மேடம்," என்றார். பல்சக்கரத்தில் ஒரு பல் ஒடிந்து, தட்டைப் பூட்டுகிற கொக்கிக்குள் போய் ஆப்பு மாதிரி இறுகியிருந்தது. நான் முதலில் கேட்ட 'டக்' அதுதான். குண்டூசி போட்டால் வராததற்கும் அதுதான் காரணம். சலீம் தட்டைக் கையால் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் கட்டிங் பிளேயர் வைத்துக் கொக்கியை உடைத்துத்தான் திறந்தார்.

திறந்துவிட்டு, காலித் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உள்ள சிடி மாட்டிக்கிச்சுன்னு போன்ல சொன்னீங்களே. எங்க?"

"எடுத்துட்டேன்."

"கைசே? எப்படி எடுத்தீங்க? நான் உடைச்சில்ல தெறந்தேன்."

சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த ஒடிந்த பல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "பாய்சாப், உங்க வீட்டுக்காரர், நல்லா இருக்காருல்ல? அது போதும் மேடம்," என்று எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் குப்பைக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கும் அது போதும்தான். எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தேன். நான் நெம்பின நெம்பலில் கொக்கி ஒரு தரம் விட்டு மறுபடி பிடித்திருக்கலாம். சத்தம் பக்கத்து வீட்டு மிக்ஸியாக இருந்திருக்கலாம். சிடி புரண்டதற்கு மட்டும் என்னிடம் ஒன்றும் இல்லை, அதையும் கண் மயக்கம் என்று தள்ளிவிட நான் தயாராகத்தான் இருந்தேன். அவர் உயிரோடு, இரண்டு கண்ணோடு, ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதிக்கு முன்னால் ஒரு பழைய டிரைவ் எப்படித் திறந்தால் எனக்கென்ன?

ஆனால் ஒன்றை நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை. சலீமிடமும் சொல்லவில்லை, கோபியிடமும் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி ஆகிவிட்டது. கோபி டீ குடிக்கக் கீழே போனான். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். இவர் ஊசி மயக்கத்தில் கண்ணை மூடிக் கிடந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிடி குப்புற வந்ததை அதுவரை நான் ஒரு உயிரிடமும் சொல்லவில்லை. ஸ்வரூபா பார்த்தது கவரில் இருந்து எடுத்த சிடியை. கோபிக்குத் தெரிந்தது அது மாட்டிக்கொண்டது என்பது மட்டும்.

இவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"சிடி குப்புறத்தானே வந்துச்சு?"

நான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நான் திருப்பிப் போட்டப்புறம்தான் வந்துச்சு," என்றார். ஒரு கஷ்டமான வேலையை முடித்துவிட்டு வந்தவர் சொல்வதுபோலச் சொன்னார். பெருமூச்சு விட்டார், தூங்கிவிட்டார்.

மறுநாள் அவருக்கு எதுவும் நினைவில்லை. ட்ராலி, கதவு, ரிசப்ஷன் பெண் ஓடி வந்தது எதுவுமே தெரியாது என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் கேட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். காபியைக் கையில் கொடுக்கும்போது நாக்கு நுனி வரை வரும். அவர் நிமிர்ந்து இரண்டு கண்ணாலும் என்னைப் பார்ப்பார். நான் சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவேன். எனக்குத் தெரியாது என்று அவர் சொன்னால் ஒன்றுமில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டால்?